உலர்ந்திருக்க வேண்டிய இடம்

அன்று காலை என் ரூட்டர் மெஷினின் சத்தமே வேறாக இருந்தது.

கொஞ்ச நாளாக, சுவிட்சைப் போட்டதும் ஒரு தடவை முக்கிவிட்டுத்தான் வேகமெடுக்கும். அன்று முக்கல் இல்லை. ஒரே இழுப்பில் எழும்பி, ஒரே சுருதியில் நின்றது. சத்தம் தாங்காமல் இருக்கக் காதில் மூடி போட்டிருந்தேன். ஆனாலும் மேஜையில் ஊன்றிய உள்ளங்கைக்கு வித்தியாசம் தெரிந்தது. அதிர்வு பாதிக்குப் பாதி குறைந்திருந்தது.

திரும்பிப் பார்த்தேன். கதவு நிலையில் சாய்ந்தபடி என் கணவர் தங்கராஜ் நின்றிருந்தார். கையில் டீ கிளாஸ். எப்படி ஓடுகிறது என்று புருவத்தாலேயே கேட்டார். நான் தலையை ஆட்டினேன். அவர் முகம் மலர்ந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அந்த முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை.

வெளியே விடாத தூறல். மழைக்காலத்தில், கொல்கத்தாவுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் சாந்த்ராகாச்சியில் சுவர்கூட வியர்க்கும். அறை முழுக்கத் தேக்கின் வாசனை நிரம்பியிருந்தது. இங்கே தேக்குக்கு சேகுன் என்று பெயர்.

அந்தக் காலையைப் பற்றி இந்தத் தொடரில் எழுதும் எண்ணம் எனக்கு இருக்கவில்லை. எங்கள் ஊர் ஏரிக்குக் குளிர்காலத்தில் வரும் பறவைகளைப் பற்றிப் போன வாரம் எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகி, முன்பெல்லாம் கட்டுரையோடு நீங்களே வரைந்த படமும் வருமே, ஏன் நிறுத்திவிட்டீர்கள் என்று கேட்டிருந்தார். இரண்டு வரியில் பதில் போட்டுவிடலாம் என்று உட்கார்ந்தேன். இரண்டு வரியில் அடங்கவில்லை.

இணையம் தரும் பெட்டி அல்ல

ரூட்டர் என்றதும் வீட்டில் பச்சை விளக்கு மினுக்கும் பெட்டிதான் எல்லோருக்கும் நினைவு வருகிறது. நான் சொல்வது மரவேலை மெஷின். ஒரு மோட்டார், அதன் முனையில் வெட்டும் பிட்டு. நிமிடத்துக்குப் பல்லாயிரம் சுற்று சுற்றும். பலகையில் பள்ளம் எடுக்கலாம், விளிம்பை உருட்டலாம், எழுத்து செதுக்கலாம். கையில் பிடித்தும் ஓட்டலாம். ஒரு மேஜைக்கு அடியில் தலைகீழாகப் பொருத்தி, மேலே ஓட்டை வழியாகப் பிட்டை மட்டும் எட்டிப்பார்க்க வைத்தும் ஓட்டலாம். அப்போது மெஷின் அசையாது. பலகையைத்தான் நாம் நகர்த்த வேண்டும்.

ஹவுராவில் ஒரு பள்ளியில் நான் டிராயிங் டீச்சராக இருந்தேன். வேலையை விட்ட பிறகு, வெறும் காகிதத்தில் வரைந்து அலுத்துப்போய், மரத்தில் எழுத்து செதுக்க ஆசைப்பட்டேன். நியூ டவுனில் பரோமா என்ற பெண் வார இறுதிகளில் மரவேலை வகுப்பு நடத்தினாள். என் மகள் வயதுதான் இருக்கும். முதல் வகுப்பு முழுவதும் அவள் எங்களை மெஷினைத் தொடவே விடவில்லை. பேசிக்கொண்டே இருந்தாள்.

பிட்டின் பக்கம் விரல் போவதற்கு முன் பிளக்கைப் பிடுங்க வேண்டும். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. கண்ணாடி, காது மூடி, தூசிக்கு முகமூடி. துப்பட்டாவைக் கழற்றி வை, வளையலைக் கழற்றி வை, முடியைக் கட்டு. கையுறை போடாதே, பிட்டு அதைப் பிடித்து இழுத்தால் கையும் சேர்ந்து போகும். பிட்டு சுற்றுகிற திசைக்கு எதிராகத்தான் பலகையைத் தள்ள வேண்டும். ஒரே மூச்சில் ஆழமாக வெட்ட ஆசைப்படாதே, கொஞ்சம் கொஞ்சமாக இறங்கு. அணைத்த பிறகும் அது முழுதாக நிற்கும்வரை அங்கேயே நில்.

கடைசியாக ஒரு சின்ன எஃகு வளையத்தை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். காலெட் என்று அதற்குப் பெயர். பிட்டின் தண்டைக் கவ்விப் பிடிப்பது அதுதான். நட்டை முறுக்க முறுக்க அது நெருங்கிக் கவ்வும். மரப்பிசினும் தூளும் அதற்குள் சேர்ந்தால் பிரஷ் போட்டுச் சுத்தம் செய்ய வேண்டும். தேய்ந்தால் மாற்றிவிட வேண்டும். வேறெங்கே என்ன இருந்தாலும், அந்தக் கவ்வியின் உள்பக்கம் உலர்ந்திருக்க வேண்டும் என்றாள்.

நான் அத்தனையையும் கடைப்பிடித்தேன். வருஷக்கணக்கில் ஒரு கீறல்கூடப் பட்டதில்லை. நியூ டவுனில் புதிதாக வீடு வாங்கியவர்கள் வாட்ஸ்அப்பில் கேட்பார்கள். வங்காளிகளுக்கு வங்காளத்தில், நம்மவர்களுக்குத் தமிழில் பெயர்ப்பலகை. எழுத்தை முதலில் கையால் வரைந்து, பிறகு செதுக்குவேன். கம்ப்யூட்டர் எழுத்து கிடையாது. என்னுடைய 'ழ'வைப் பார்த்துவிட்டு, தமிழ் படிக்கத் தெரியாத வங்காளிப் பெண் ஒருத்தி, அந்த ஒரு எழுத்தை மட்டும் சுவரில் மாட்டச் செய்து தரச் சொன்னாள். செய்து கொடுத்தேன்.

எந்தக் கை

நான் இடது கைக்காரி. கரக்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தபோது அதற்காக வீட்டில் நடந்த சண்டை கொஞ்சமல்ல. அம்மா விட்டுக்கொடுக்கவில்லை, நானும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் அப்பா தலையிட்டு, சோறு வலது கையில், பென்சில் இடது கையில் என்று ஒரு ஒப்பந்தம் போட்டார். ரயில்வேக்காரர் இல்லையா, எதையும் இரண்டு பாதையாகப் பிரித்துவிட்டால் மோதல் வராது என்று நம்புகிறவர்.

அதனால் வலது கை எனக்குச் சாப்பிட, கும்பிட, பஸ்ஸில் கம்பியைப் பிடிக்க. மற்றதெல்லாம் இடது.

சும்மா இருக்கத் தெரியாதவர்

என் கணவருக்கு ஊர் விருதுநகர் பக்கம். இருபது வயதுக்கு மேல் ரயில்வேயில் ஃபிட்டராக வந்து, ரயில் பெட்டிகளைப் பராமரிக்கிற டிப்போவிலேயே காலம் முழுக்க வேலை பார்த்தவர். வீட்டுக்கு வரும்போது சட்டையில் கிரீஸ் மணக்கும். எங்கள் கல்யாணத்தன்று மாலை மாற்றும்போதுகூட மல்லிகையைத் தாண்டி அந்த மணம் வந்தது.

இந்த அடுக்ககத்தில் யார் வீட்டு மிக்ஸி நின்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். பக்கத்து வீட்டு மிட்டு பவுதி அவரை ராஜ்-தா, அதாவது ராஜ் அண்ணன், என்பாள். பவுதி என்றால் அண்ணி. வயதில் சின்னவள்தான், ஆனாலும் எல்லோருக்கும் அவள் மிட்டு பவுதி. மின்விசிறி கிறீச்சிட்டால் போதும், சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் எழுந்து போவார். ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் உலகத்தில் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்பார். கதவுக்கீலில் இருந்து சைக்கிள் செயின்வரை அவர் எண்ணெய் விடாத பொருள் எங்கள் வீட்டில் இல்லை.

ஓய்வு பெற்றதும் அடங்கிப்போனார். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, போகிற ரயிலைச் சத்தத்தை வைத்தே இன்னது என்று சொல்வார். கேட்க ஆள் இல்லாவிட்டாலும் சொல்வார். என் மரவேலை அறைக்குள் மட்டும் வரமாட்டார். அது உன் ஆபீஸ், எனக்குப் பாஸ் கிடையாது என்று சிரிப்பார். நானும் கூப்பிட்டதில்லை. எனக்கென்று ஒரு அறை இருப்பது எனக்குப் பிடித்திருந்தது.

அந்த மழைக்காலத்தில் மெஷின் முக்க ஆரம்பித்தது. மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும், உள்ளே தூள் அடைத்திருக்கும், சர்வீசுக்குக் கொடுக்க வேண்டும் என்று சாப்பிடும்போது சொன்னேன். 

மறுநாள் நான் பவானிபூரில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விட்டுச் சாயங்காலம் திரும்பினேன். வாசலிலேயே காத்துக்கொண்டிருந்தார். கையைப் பிடித்து என் அறைக்கே என்னை அழைத்துப் போனார். மேஜையின் துரு போய்ப் பளபளவென்றிருந்தது. மோட்டாரிலிருந்து தூள் முழுவதையும் ஊதி எடுத்து, கடைத்தெருவில் தேடி அலைந்து சரியான கார்பன் பிரஷ் வாங்கிப் போட்டிருந்தார். நான் மறுநாள் பள்ளம் எடுக்கப் போவதாகச் சொன்னதை நினைவில் வைத்து, அதற்கான பிட்டைக்கூட மாட்டி வைத்திருந்தார்.

"நாளைக்கு சுவிட்சைப் போடுறது மட்டும்தான் உன் வேலை" என்றார்.

 முப்பது வருஷத்தில் எனக்குச் சேலை எடுத்துக் கொடுத்திருக்கிறார், சினிமாவுக்குக் கூட்டிப்போயிருக்கிறார். ஆனால் எனக்குப் பிடித்த ஒன்றை அவரும் கையில் எடுத்துப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பலகை இருந்த இடம்

நியூ டவுனில் குடியேறிய ஓர் இளம் தமிழ்த் தம்பதி பூஜை அலமாரி கேட்டிருந்தார்கள். கதவுகள் நகர்வதற்காகப் பலகையில் நீளப் பள்ளம் எடுக்க வேண்டும்.

நான் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஸ்பானர்களைப் போட்டு நட்டு இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்தேன். அசையவில்லை. இதை நான் பலமுறை மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். பார்த்தேன். இறுக்கமாகத்தான் இருந்தது. பிறகுதான் பிளக்கைச் சொருகினேன்.

முதல் பலகை வெண்ணெய் போல வந்தது. அவர் டீயை உறிஞ்சிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது பலகையைப் பாதிவரை தள்ளியிருப்பேன். தள்ளுவது கனமாகத் தெரிந்தது. மரத்தில் முடிச்சு இருக்கும் போல என்று நினைத்தேன். முடிச்சு இல்லை. உள்ளே பிட்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கவ்வியிலிருந்து நழுவி மேலே ஏறிக்கொண்டிருந்திருக்கிறது. நான் வைத்த அளவைவிட ஆழமாக வெட்டிக்கொண்டே போயிருக்கிறது. பலகைக்கு அடியில் நடப்பது மேலேயிருந்து தெரியாது.

ஒரு கட்டத்தில் பிட்டு பலகையை மொத்தமாகப் பிடித்து வீசியது. பலகை பறந்து சுவரில் மோதியது. அதைப் பக்கவாட்டில் அழுத்திக்கொண்டிருந்த என் இடது கை, பலகை இருந்த இடத்துக்குப் போனது.

வலி உடனே இல்லை. யாரோ கையைப் பிடித்து உலுக்கியது போல ஓர் அதிர்ச்சி, அவ்வளவுதான். சத்தம் நின்றது. அவர்தான் பாய்ந்து வந்து அணைத்திருந்தார். தோளில் கிடந்த துண்டால் என் கையைச் சுற்றினார். துண்டு வெள்ளை. அதைப் பார்க்காதே, என்னைப் பார் என்றார். நான் அவரைப் பார்த்தேன். டீ கிளாஸ் எப்போது கீழே விழுந்தது என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. அவர் பாதத்தில் கண்ணாடி குத்தியிருந்ததை ஆஸ்பத்திரியில் நர்ஸ்தான் கவனித்தாள்.

மிட்டு பவுதி எங்கிருந்தோ ஒரு வண்டியை நிறுத்திக் கூட்டி வந்தாள். கோனா எக்ஸ்பிரஸ்வேயில் எப்போதும்போல நெரிசல். லாரிகளுக்கு நடுவில் வண்டி ஊர்ந்தது. அவர் என் கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, மெஷின் நல்லாத்தானே ஓடுச்சு, நல்லாத்தானே ஓடுச்சு என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே வந்தார். ஆமாம் என்றேன். உண்மையாகவே நன்றாகத்தான் ஓடியது.

ஆள்காட்டி விரலும் நடு விரலும் நடுக்கணு வரை போயின. ஒட்ட வைக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். ரம்பம் என்றால் சீராக வெட்டும், இது அப்படி வெட்டவில்லை அம்மா என்று ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார். 

எண்ணெய்

கட்டு பிரிக்கும்வரை என் அறையை யாரும் திறக்கவில்லை.

பிரித்த பிறகு ஒரு மத்தியானம் நான்தான் திறந்தேன். ஏன் நடந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. வேறெதைச் சரியாகச் செய்யாமல் விட்டேன் என்று கட்டிலில் படுத்துப் படுத்து யோசித்திருந்தேன். மறுபடி அந்த அறைக்குள் வேலை செய்ய வேண்டுமானால் காரணம் தெரிந்தாக வேண்டும். அவர் என் பின்னாலேயே வந்தார். நான் கூப்பிடாமலே உள்ளே வந்தார்.

மேஜையில் என் இரத்தம் இல்லை. யாரோ துடைத்திருந்தார்கள். மிட்டு பவுதியாக இருக்கும். பிட்டு மட்டும் அப்படியே இருந்தது, இருக்க வேண்டியதைவிட ஒரு விரல்கடை உயரமாக நீட்டிக்கொண்டு. நட்டு இறுக்கமாகவே இருந்தது. அப்படியானால் நழுவியிருக்கவே கூடாது.

ஸ்பானர் இரண்டையும் என்னால் பிடிக்க முடியவில்லை. அவர் வாங்கி நட்டைத் தளர்த்திக் கொடுத்தார். வலது கையால் பிட்டை உருவினேன். தண்டு வழுக்கியது. விரலை மூக்கருகே கொண்டுபோனேன்.

எங்கள் வீட்டுக் கதவுக்கீலின் மணம். மின்விசிறியின் மணம். முப்பது வருஷமாக என் பக்கத்தில் படுத்திருந்த மணம்.

 அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மெஷினோடு வாழ்ந்த மனிதர். யாரும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் கேட்டார்.

"அங்க எண்ணெய் போடக் கூடாதா செல்வி?"

ஒரு சின்னப் பையன் கேட்பதுபோல இருந்தது.

"அந்த ஒரு இடத்துல மட்டும் கூடாதுங்க" என்றேன்.

இப்போது நினைத்தால், வேறு ஏதாவது சொல்லியிருக்கலாமோ என்று தோன்றுவதுண்டு. காலெட் தேய்ந்திருந்தது என்று சொல்லியிருக்கலாம். அவர் நம்பியிருக்கமாட்டார். எண்ணெய் பட்ட பிடி என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாததல்ல. சுற்றுகிற எல்லாவற்றுக்கும் எண்ணெய் வேண்டும் என்று பழகிய கை, அன்று தலையைக் கேட்காமல் போட்டுவிட்டது.

அவர் ஸ்பானர்களை மேஜையில் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக, சத்தம் வராமல் வைத்தார். பிறகு வெளியே போனார். அதற்குப் பிறகு அந்த அறைக்குள் அவர் கால் வைக்கவில்லை.

பெங்களூரிலிருந்து

மகள் நித்யா பெங்களூரில் வேலை பார்க்கிறாள். அவளிடம் காரணத்தைச் சொல்ல வேண்டாம் என்று நான் அவரைக் கேட்டுக்கொண்டேன். தலையை ஆட்டினார். அன்றைக்கே போனில் அவரே சொல்லிவிட்டார். நான் அடுப்படியில் இருந்தேன். ஸ்பீக்கரில் போட்டிருந்தார், காது கொஞ்சம் மந்தம்.

நித்யா இங்கேயே பிறந்து வளர்ந்தவள். எங்களோடு தமிழ் பேசினாலும் கோபமோ அழுகையோ வந்தால் வங்காளம்தான் வரும். அவர் சொல்லி முடித்ததும், "ஹாத் தேவார் கீ தொர்கார் சிலோ, அப்பா?" என்றாள்.

அதில் கை வைக்க என்ன அவசியம் இருந்தது என்று அர்த்தம். திட்டவில்லை. அழுதுகொண்டுதான் கேட்டாள். மறுநாளே போன் போட்டு மன்னிப்பும் கேட்டாள். நீ ஒன்றும் தப்பாகச் சொல்லவில்லையே கண்ணு என்று அவர் சமாதானப்படுத்தினார்.

ஆனால் அந்தக் கேள்வி அவருக்குள் போய் உட்கார்ந்துவிட்டது.

குழாய்

முதலில் எனக்குப் புரியவில்லை. மிட்டு பவுதி வீட்டு மின்விசிறி நின்றுபோயிற்று. ராஜ்-தா வரவில்லையே என்று கேட்டாள். உடம்பு சரியில்லை என்று சொல்லிச் சமாளித்தேன். பிறகு எங்கள் அடுப்படிக் குழாய் சொட்ட ஆரம்பித்தது. வாஷர் மாற்றினால் முடிந்துபோகிற வேலை. அவர் அதன் கீழே ஒரு கிண்ணத்தை வைத்தார். கிண்ணம் நிரம்பினால் கொட்டிவிட்டு மறுபடி வைத்தார்.

பிளம்பருக்குச் சொல்லட்டுமா என்று கேட்டேன். சொல் என்றார். ஒரு பிளம்பர் வந்து எங்கள் வீட்டுக் குழாயைச் சரிசெய்து போனான். தங்கராஜ் வீட்டுக்குப் பிளம்பர் வந்தது அடுக்ககம் முழுக்கத் தெரிந்துவிட்டது. அவர் அந்த நேரம் முழுவதும் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

சட்டைப் பொத்தானைக்கூட மெதுவாக, ஏதோ கடன் வாங்கிய பொருளைத் தொடுவதுபோலத் தொடுவார். டீ போடமாட்டார். தீப்பெட்டி எடுக்கமாட்டார். ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டேன். எதைத் தொட்டாலும் யாருக்காவது ஏதாவது ஆகிவிடும் போலிருக்கிறது என்றார். அதைச் சொல்லும்போது தன் இரண்டு கைகளையும் மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டிருந்தார், வேறு யாருடைய கைகளையோ பார்ப்பதுபோல.

டாக்டரிடம் கூட்டிப்போனேன். மாத்திரை கொடுத்தார்கள். தூங்குகிறார். தூங்கி எழுந்தால் அதே முகம்.

பாவம் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் எல்லா நேரமும் அப்படி நினைக்க முடிவதில்லை, அதையும் எழுதிவிட வேண்டும். வலது கையில் பென்சிலைப் பிடித்துப் பழகுகிறேன். இருபத்தைந்து வருஷம் பிள்ளைகளுக்குக் கோடு போடச் சொல்லிக்கொடுத்தவள் போடுகிற கோடு, ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் கோடாக வருகிறது. 'ழ'வின் வளைவு மடங்கி விழுகிறது. மழை பெய்தால் இல்லாத விரல்களின் நுனி அரிக்கிறது, எங்கே சொறிவது? அப்படிப்பட்ட நேரத்தில் அவர் பக்கத்து அறையில் பெருமூச்சு விட்டால், விரல் போனது எனக்கா உங்களுக்கா என்று கத்தத் தோன்றும். கத்தியதில்லை. அடக்கிக்கொண்டு வெளியே போனால், கத்தியதுபோலவே அவர் என்னை நிமிர்ந்து பார்ப்பார்.

என்மேல் இருந்த பிரியத்தில் செய்தது. அதுதான் எனக்கு வழியில்லாமல் செய்கிறது. அலட்சியத்தால் செய்திருந்தால் கோபப்பட்டிருக்கலாம். கோபம் தீர்ந்தால் மன்னித்திருக்கலாம். இதில் மன்னிக்க எதுவும் இல்லை. மன்னிக்க எதுவும் இல்லாத ஒன்றிலிருந்து இரண்டு பேர் எப்படி வெளியே வருவது என்று எனக்குத் தெரியவில்லை.

வாசலுக்கு வெளியே

பூஜை அலமாரியைக் கேட்ட தம்பதி நிதானமாகச் செய்யுங்கள் என்றார்கள். பிறகு கடையில் வாங்கிக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

இந்த வருஷம் மறுபடி மெஷினைப் போட ஆரம்பித்திருக்கிறேன். காலெட் புதிது. பழைய பிட்டுகளை எல்லாம், துணியில் எண்ணெய்ப் பசை ஒட்டாமல் போகும்வரை துடைத்தேன். பலகையைக் கையால் அழுத்துவதில்லை. அதற்கென்று மரத்தில் தள்ளுகட்டை செய்து வைத்திருக்கிறேன். பல்லுப்பல்லாக இருக்கிற ஒரு பலகையை மேஜையில் இறுக்கி, அது அழுத்திக்கொள்ளும்படி வைத்திருக்கிறேன். இதை எல்லாம் எந்தக் கையாலும் செய்யலாம்.

நட்டை இறுக்குவதுதான் முடியவில்லை. ஒரு ஸ்பானர் பிடிக்க, ஒன்று முறுக்க வேண்டும். இடது கையில் மீந்த விரல்களுக்கு அந்தப் பிடி இல்லை.

ஒரு நாள் கூப்பிட்டேன். வாசல்வரை வந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். இந்த ஒரு நட்டை மட்டும் முறுக்கிக் கொடுங்கள், நானே கேட்கிறேன் என்றேன். நான் கேட்டால் ஏதாவது மாறும் என்று நினைத்தேன் போலிருக்கிறது.

"நீ கேட்டாலும் என்னால தொட முடியாது செல்வி" என்றார்.

கடைசியில் ஒரு ஸ்பானரை மேஜைக்காலில் முட்டுக்கொடுத்து, மற்றதை முழு உடம்பின் எடையையும் போட்டு நானே முறுக்கினேன். அப்படித்தான் இப்போதும் செய்கிறேன். தோள் வலிக்கும்.

மெஷின் ஓடுகிற நேரம் முழுவதும் அவர் வீட்டுக்குள் இருப்பதில்லை. படிக்கட்டில் போய் உட்கார்ந்துகொள்கிறார். சத்தம் நின்றதும் அங்கிருந்தே ஒரு தடவை, செல்வி என்று கூப்பிடுவார். இருக்கேன் என்று நான் சொல்ல வேண்டும். சொன்னால்தான் எழுந்து உள்ளே வருவார். ஒரு நாளில் நாங்கள் பேசிக்கொள்வது சில சமயம் அவ்வளவுதான்.

போன வாரம் ஒரு பெயர்ப்பலகையை முடித்துவிட்டு மெஷினை அணைத்தேன். எழுத்துகள் கோணலாக வந்திருந்தன. அவற்றையே பார்த்தபடி, காது மூடியைக் கழற்ற மறந்து நின்றிருந்தேன். அவர் கூப்பிட்டது எனக்குக் கேட்கவில்லை. எத்தனை தடவை கூப்பிட்டாரோ.

ஏதோ உணர்ந்து திரும்பினேன். அறை வாசலில் நின்றிருந்தார். நிலையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தார். வாய் அசைந்துகொண்டிருந்தது. கண்ணீர் மோவாய்வரை வழிந்திருந்தது. உள்ளே வர ஒரு காலைத் தூக்கியிருக்கிறார், வைக்க முடியவில்லை. பாதி தூக்கிய காலோடு அப்படியே நின்றிருந்தார்.

நான் மூடியைக் கழற்றினேன். இடது கையை உயர்த்தி, மீதி விரல்கள் இருக்கிறதைக் காட்டினேன்.

"இருக்கேங்க" என்றேன்.

அவர் காலைப் பின்னால் வைத்தார். முகத்தைத் துடைத்துக்கொள்ளாமலே திரும்பிப் படிக்கட்டுக்குப் போனார்.